எண்ணெய் டின்னும் இருப்புக் கணக்கும்

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தென்காசிப் பலசரக்குக் கடையோடு குற்றாலத்தில் ஒரு விடுதியையும் உன் மகன் எடுத்து நடத்தப் போகிறான் என்று படித்து மனம் நிறைந்தது. இருப்புக் கணக்குக்கு மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கு, ஆனால் அதற்கு முன் அளவுகளைச் சரிசெய்துகொள்.

எங்கள் சாப்பாட்டுக் கடையில் மென்பொருள் போட்ட முதல் மாதமே கடலை எண்ணெய்க் கணக்கு உதைத்தது. சமையல்காரரைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. வந்த டின் 15 லிட்டர், கணினியில் பதிந்ததோ 15 கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட இலேசு என்பதால் 15 லிட்டரின் எடை 13.7 கிலோ அளவில்தான் நிற்கும். டின்னுக்கு ஒன்றேகால் கிலோ, யாரும் தொடாமலே குறைந்துகொண்டிருந்தது.

அல்வாவில் இதற்கு நேர்மாறு. ஒரு ஈடு அல்வாவுக்கு இவ்வளவு கோதுமை, சீனி, நெய் என்று பதிந்துவிட்டால், ஈடு இறங்கியதும் கணினி அவற்றை இருப்பிலிருந்து கழித்துவிடும். ஆனால் பதம் வந்து சட்டியில் ஒட்டாமல் சுருளும்போது அல்வா கக்குகிற நெய்யை வடித்து, நாங்கள் அடுத்த ஈட்டுக்கு எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? அது கணினிக்குத் தெரியாது. கையிருப்பு கணக்கைவிடக் கூடுதலாக நின்றபோதுதான் எங்களுக்கே உறைத்தது. இப்போது வடித்த நெய்யையும் நிறுத்து வரவு வைக்கிறோம்.

உன் கடையில் 890 என்று (இந்திய நிறுவனங்களுக்கான தொடக்க எண்) தொடங்கும் 13 இலக்க பார்கோடு உள்ள பொட்டலங்களை எண்ணிக்கையாகவே பதியலாம் என்பதால் தொல்லை இராது. ஆனால் புளி, வற்றல் போன்ற, நிறுத்து விற்கும் சில்லறைச் சரக்குகள் காய்ந்து எடை குறையும். அந்தக் கழிவைத் தனியே எழுதப் பழக்கு.

இன்னொன்று. சரக்கு எவ்வளவாகக் குறைந்தால் மறுபடி வாங்க வேண்டும் என்று மென்பொருள் எச்சரிக்கும். ஒரு நாள் செலவை, சரக்கு வந்துசேர ஆகும் நாட்களால் பெருக்கி, கொஞ்சம் கைக்காவலும் சேர்த்து அந்த அளவை வைப்பார்கள். ஆண்டுச் சராசரியை வைத்து விடுதிக்கு அதைக் கணக்கிட்டால், ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் கூட்டத்தில் சோப்பும் காப்பித்தூளும் பாதியில் தீர்ந்துபோகும். சாரலுக்குத் தனி அளவு வைக்கச் சொல். இங்கே ஆனித் தேரோட்டத்தின்போது நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

வெள்ளிக்கிழமை இரவு கடை சாத்தியபின் சரக்கறையில் இருப்பு எடுப்போம். உன் மகனை ஒருமுறை அனுப்பு. தராசை அவனிடமே கொடுக்கிறேன். மதினியைக் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்