கம்பியில்லாக் கீபோர்டை ஏற்காத சாம்ப்ளர்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
கோயில் தப்பு (பறை) இசைக்குழுவின் ஒலிப்பதிவாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோலாலம்பூர்.

பொருள்: துண்டறிக்கையில் சொன்னபடி கம்ப்யூட்டர் கீபோர்டை ஏற்காத சாம்ப்ளர் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற தீபாவளி விற்பனைக்கு நீங்கள் வெளியிட்ட தமிழ்த் துண்டறிக்கையைப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் 3,400 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, ஒலிகளைப் பதிந்து வேண்டும்போது திரும்ப ஒலிக்கச் செய்யும் சாம்ப்ளர் கருவியை வாங்கினேன். தமிழில் சொல்லி விற்ற பொருள் என்பதால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். “எந்தக் கம்ப்யூட்டர் கீபோர்டையும் இணைத்து ஒலிகளுக்குப் பெயர் சூட்டலாம்” என்று அதில் அச்சடித்திருக்கிறீர்கள். பக்கத்திலேயே கம்பி இல்லாத கீபோர்டு ஒன்றின் படமும் இருக்கிறது. அதை நம்பி, உங்கள் கடையிலேயே 129 வெள்ளிக்குக் கம்பியில்லாக் கீபோர்டும் சேர்த்து வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து அதைக் கொண்டு ஓர் எழுத்தைக்கூடச் சாம்ப்ளரில் ஏற்ற முடியவில்லை.

பெயர் சூட்டுவது எனக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் பால்மரங்களை (ரப்பர் மரங்களை) அழித்துச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பிரிந்து போய்விட்டன. தப்பின் பழைய அடிகள் எல்லாம் கையில் நிற்பவர் எங்களில் என் பெரியப்பா ஒருவர்தான். அவருக்கு 78 வயது. சாமி அழைப்புக்கு ஓர் அடி, ஊர்வலத்துக்கு ஓர் அடி, சாவு வீட்டுக்கு வேறு அடி. தப்படிக்கும் இரு குச்சிகளில் அடிக்குச்சியின் தட்டு, சிம்புக்குச்சியின் தட்டு, இரண்டும் சேர்ந்த தட்டு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்து, பெயரிட்டு, குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே சாம்ப்ளர் வாங்கினேன். பெயர் இல்லாவிட்டால் நானூறு ஒலிகளில் எது எந்த அடி என்று பெரியப்பாவைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

தப்பைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. காய்ந்த தென்னை மட்டையில் தீ மூட்டி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்று கேட்ட பிறகுதான் பெரியப்பா குச்சியை எடுப்பார். எங்கள் ஊரில் பிற்பகல் மழை விட்டதும் காற்றில் நிற்கும் ஈரத்தில் அந்தத் தோல் சில நிமிடங்களிலேயே தளர்ந்துவிடும். ஓர் அடி பதிந்தாயிற்று என்று வையுங்கள். நான் சாம்ப்ளரின் குமிழைத் திருகித் திருகி ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்த வேண்டும். பன்னிரண்டு எழுத்துப் பெயருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நான் தலை நிமிர்வதற்குள் தோல் இறங்கிவிடுகிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. எழுந்து மறுபடியும் தீயருகே போகிறார். ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரத்தில் 23 ஒலிகள்தான் பதிந்தோம். அதில் பாதி நேரம் அந்த முதியவர் தீக்கும் நாற்காலிக்கும் இடையே நடந்ததில் போயிற்று.

புகையும் தீப்பொறியும் படக்கூடாது என்பதால் சாம்ப்ளரைக் கோயில் மண்டபத்துக்குள் வைத்திருக்கிறேன். பெரியப்பா உட்காருவது 8 மீட்டர் தள்ளி, வெளியே. மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே அமர்ந்து, “இது என்ன அடி பெரியப்பா?” என்று கேட்டு, அவர் சொல்லும் பெயரை அப்போதே தட்டிவிட வேண்டும். கம்பியில்லாக் கீபோர்டு வாங்கியது இதற்காகத்தான். “நீளமான கம்பி போட்டுக்கொள்ளுங்கள்” என்றார் உங்கள் அலுவலர். சாதாரண யுஎஸ்பி கம்பிக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் போனாலும், பிள்ளைகள் ஓடும் வாசலில் குறுக்கே கம்பி போட நான் துணியமாட்டேன்.

நான் சோதித்துப் பார்த்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் பொறியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என் மகள் பள்ளியில் வைத்திருந்த பழைய கம்பிக் கீபோர்டைச் செருகினேன்; சாம்ப்ளர் உடனே எழுத்துகளை ஏற்றது. ஆகவே யுஎஸ்பி துளையில் பழுதில்லை. கம்பியில்லாக் கீபோர்டின் ரிசீவரை (அதன் சமிக்ஞையைப் பெற யுஎஸ்பி துளையில் செருகும் சிறு துண்டை) மடிக்கணினியில் செருகினேன்; அங்கே நன்றாக வேலை செய்கிறது. ஆகவே கீபோர்டிலும் பழுதில்லை. இரண்டையும் சேர்த்தால்தான் சாம்ப்ளர் வாய் திறப்பதில்லை. மின்கலத்தை மாற்றினேன், ரிசீவரை முன்பே செருகிவிட்டுச் சாம்ப்ளரை இயக்கினேன், மென்பொருளின் புதிய பதிப்பையும் ஏற்றினேன். பலன் இல்லை.

காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. எளிய கம்பிக் கீபோர்டு தன்னை ஒரே ஒரு கருவியாக அறிவித்துக்கொள்ளும். அடிப்படை முறையில் ஒவ்வொரு தடவையும் 8 பைட் செய்தி அனுப்பும். கீபோர்டுக்கும் மௌஸுக்கும் பொதுவாக வரும் ரிசீவரோ, ஒரே துளைக்குள் இருந்துகொண்டு கீபோர்டு, மௌஸ், ஒலியளவுப் பொத்தான்கள் என்று பல கருவிகளாக அறிவித்துக்கொள்ளும். கணினி அவற்றைப் பிரித்து அறிந்துகொள்கிறது. உங்கள் சாம்ப்ளரின் மென்பொருள் அப்படிப் பிரித்துப் பார்க்காமல் முழுவதையும் ஒதுக்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன். அப்படியானால் இது மென்பொருளில் திருத்தக்கூடிய குறைதான். திருத்த முடியாது என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள்.

தொலைபேசியில் எனக்குக் கிடைத்த பதில்கள் மனத்தை மிகவும் வருத்தின. மூன்று முறை அழைத்தேன். முதல் இரண்டு முறையும், “மிடி சேனலை மாற்றிப் பாருங்கள், ஐயா” என்றே சொன்னார்கள். கீபோர்டு என்றதும் இசைக்கும் கீபோர்டு என்று எடுத்துக்கொண்டார்கள். மிடி 1983இல் வந்த இசைக்கருவி மொழி. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்பதைச் சொல்லத்தான் அது இருக்கிறது. கம்ப்யூட்டர் கீபோர்டு அந்த மொழியைப் பேசாது. “எழுத்துத் தட்டும் கீபோர்டு” என்று நான் நிறுத்தி நிறுத்திச் சொன்ன பிறகும், மூன்றாம் முறை பேசியவர், “ப்ளூடூத் இருக்கிறதே, ப்ளூடூத் கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். நல்லவேளையாக வாங்காமல், நண்பரிடம் இரவல் கேட்டுப் பார்த்தேன். சாம்ப்ளரின் ப்ளூடூத் பட்டியலில் அது தோன்றவே இல்லை. பயன்பாட்டுக் கையேட்டின் பின்பக்கத்தைப் பார்த்தால், அந்த ப்ளூடூத் மிடி இசைக்கருவிகளுக்கு மட்டுமே என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. உங்கள் கையேட்டில் உள்ளது உங்கள் அலுவலருக்குத் தெரிய வேண்டாமா? அவர் பேச்சை நம்பியிருந்தால் இன்னொரு கீபோர்டுக்கும் பணம் போயிருக்கும்.

விற்ற பொருள் அதைப் பற்றிச் சொன்ன வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது. “எந்தக் கீபோர்டும்” என்பதும் வர்ணனைதான். சாம்ப்ளரைத் திருப்பித் தர நான் விரும்பவில்லை. அதன் ஒலி சுத்தமாக இருக்கிறது. பெரியப்பாவே காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டுவிட்டு, “என் கைதான்” என்றார். கம்பியில்லாக் கீபோர்டை ஏற்கும்படி மென்பொருளைத் திருத்தி, அது எப்போது வரும் என்று எனக்கு எழுதுங்கள். திருத்த இயலாது என்றால், எந்த மாதிரிக் கம்பியில்லாக் கீபோர்டை நீங்களே சோதித்துப் பார்த்து வேலை செய்யக் கண்டீர்களோ, அதைத் தந்து என்னிடம் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாவிட்டால் 129 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். எதைச் செய்தாலும், துண்டறிக்கையின் அந்த வரியை அடுத்த விற்பனைக்கு முன் திருத்திவிட வேண்டும். என்னைப் போல் குழு நடத்துபவர்கள் சேர்த்து வைத்த பணத்தில் வாங்குகிறார்கள்.

14 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 5 வெள்ளி கட்டணம் செலுத்திப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கொடுப்பேன். வாங்கிய ரசீது, துண்டறிக்கை, சோதனையின்போது எடுத்த படங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

சாவு வீட்டு அடிகளும் கரக ஆட்டத்துக்கான அடிகளும் இன்னும் பதியப்படவில்லை. அதுவரை மகளின் பழைய கம்பிக் கீபோர்டோடு மண்டபத்துக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருப்பேன். விரைவாகப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட்.