ஆண்டி குரோவும் நம்ம லேத்துப் பட்டறையும்

அம்மிணி,

நேத்து நைட்டு நீ போன்ல பேசினதக் கேட்டதுல இருந்து எனக்கு தூக்கமே வரல. ரெண்டு பேர் ஒட்டுக்கா பேப்பர் போட்டுட்டாங்க, ரிலீஸ் மூணு வாரம் தள்ளிப்போச்சு, தள்ளிப்போகும்னு டீம்ல எல்லாத்துக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு, நீ மேனேஜர், உன்கிட்ட மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. அதுதான் பொக்குன்னு போச்சுப்பான்னு சொன்ன. போன்ல பதில் சொன்னா நீ பாதிலயே சரிப்பா சரிப்பான்னு வச்சிருவ, அதனால டைப் பண்ணி அனுப்பறேன்.

நீ பரண்ல விட்டுட்டுப் போன அட்டப்பொட்டில கம்ப்யூட்டர் சிப்பு செய்யற இன்டெல் கம்பெனிய நடத்துன ஆண்டி குரோவ் எழுதின புஸ்தகம் ரெண்டு கெடந்துச்சு. பேரு ஆண்டி, ஆனா நம்ம பழனி ஆண்டி இல்ல, கோவணம் கட்டினவரு இல்ல, கோட்டு போட்டவங்கள நடுங்க வச்ச ஆளு. பட்டறைய மூடினதுக்கு அப்புறம் எனக்கு பொழுதா போகுது, டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு எழுத்துக்கூட்டி ரெண்டயும் படிச்சு முடிச்சுட்டேன். 1936-ல ஹங்கேரில புடாபெஸ்ட்ல யூதக் குடும்பத்துல பொறந்தவரு, நாலு வயசுல காய்ச்சல் வந்து காது மந்தமாயிருச்சு, ஹிட்லர் ஆளுங்ககிட்ட சிக்காம ஒளிஞ்சு பொழைச்சு, 20 வயசுல நாட்ட விட்டே ஓடி அமெரிக்கா போயி, இன்டெல் ஆரம்பிச்ச 1968-லயே உள்ள வந்து, 1987-ல இருந்து 1998 வரைக்கும் சி.இ.ஓ.

மனுசன் சாமானியப்பட்ட ஆளு இல்ல. காலைல 8 மணி தாண்டி லேட்டா வந்தா நோட்டுல கையெழுத்துப் போடணும், பெரிய இன்ஜினியரா இருந்தாலும் சரி. மீட்டிங்ல கிழிகிழின்னு கிழிப்பாராம். இதப் படிச்சப்ப எனக்கு ஒரே சந்தோசம், பாரு, நானும் இப்படித்தான இருந்தேன்னு உன்ர அம்மாகிட்ட பெருமையா சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லாம வெங்காயம் உரிச்சுட்டு இருந்தா.

ஆனா அந்தாளுக்கு தனி ரூம் கெடையாது, எல்லார மாதிரியும் தடுப்பு வச்ச சின்ன இடம்தான், கார் நிறுத்தறதுக்கு தனி எடமும் கெடையாது. அவரு கத்தற மாதிரியே அவரு மூஞ்சிக்கு நேரா அடுத்தவனும் கத்தலாம், கத்தணும், வேல விசயமா இருந்தா யாரு பெரியவன்னு பார்க்கக்கூடாது, புதுசா சேர்றவங்களுக்கு இதுக்குன்னே கிளாஸ் எடுத்திருக்காங்க. நான் பாதிதான் அவர மாதிரின்னு அந்த எடத்துல புரிஞ்சுது.

1985-ல நடந்தத சொல்றேன். இன்டெல் அப்ப மெமரி சிப்பு, அதாவது கம்ப்யூட்டர்ல விவரத்தச் சேர்த்து வைக்கிற சிப்பு, செய்யற கம்பெனி, அதுதான் அவங்க பொழப்பு, அடையாளம், எல்லாம். ஜப்பான்காரன் நல்ல குவாலிட்டில, கம்மி வெலைல அடிச்சு நொறுக்கிட்டான். மேல இருக்கவங்க ஒரு வருசமா பேசிப்பேசி முடிவுக்கே வரல. ஒரு நாள் குரோவ் ஜன்னல் வழியா பார்க்கறாரு, தூரத்துல ஒரு பார்க்குல ராட்டினம் சுத்திட்டு இருக்கு, பக்கத்துல சி.இ.ஓ. கார்டன் மூர். நம்ம ரெண்டு பேரையும் தொரத்திட்டு புது ஆளப் போட்டா அவன் என்ன பண்ணுவான்னு கேக்கறாரு. மெமரிய விட்டு வெளிய வந்திருவான்னு மூர் சொல்றாரு. அப்ப நம்மளே கதவத் தாண்டி வெளிய போயிட்டு திரும்பி உள்ள வந்து அதச் செஞ்சா என்னன்னாரு குரோவ்.

இந்தக் கதைய எல்லாரும் சொல்லுவாங்க, நீயும் கேட்டிருப்ப. நான் பென்சில்ல கோடு போட்டு வச்சது அதுக்கு அப்புறம் வர்ற எடம். பெரிய தலைங்க யோசிச்சுட்டு இருந்த காலத்துல, கீழ இருந்த ப்ரொடக்‌ஷன் பிளானிங் ஆளுங்களும் கணக்கு பார்க்கறவங்களும் எதுல காசு வருதோ அதுக்கு மாசாமாசம் மெஷின திருப்பி விட்டுட்டே இருந்திருக்காங்க, கம்ப்யூட்டருக்கு மூளையா இருக்கற மைக்ரோபிராசசர் சிப்பு பக்கமா. முடிவு எடுத்த அன்னிக்கு எட்டு ஃபேக்டரில ஒண்ணே ஒண்ணுலதான் மெமரி ஓடிட்டு இருந்துச்சாம்! அதாவது கீழ இருக்கவனுக்கு முன்னாடியே தெரியும் அம்மிணி, எப்பவுமே முன்னாடியே தெரியும், மேல இருக்கவன் காதுக்குத்தான் லேட்டா வருது. அப்படியும் 1986-ல 17 கோடி டாலருக்கு மேல நஷ்டம், ஆயிரக்கணக்குல ஆளுங்களுக்கு வேல போச்சு.

இவ்வளவு எழுதின மனுசனே அப்புறமும் கோட்ட விட்டாரு. 1994-ல இன்டெல்லோட பென்டியம்ங்கற மைக்ரோபிராசசர் சிப்புல வகுத்தல் கணக்கு சிலதுல தப்பு வருதுன்னு தாமஸ் நைஸ்லின்னு ஒரு கணக்கு வாத்தியாரு கண்டுபிடிச்சுட்டாரு. இன்டெல் என்ன சொல்லுச்சு தெரியுமா, சாதாரணமா ஸ்ப்ரெட்ஷீட் போடறவருக்கு 27,000 வருசத்துக்கு ஒருக்காதான் அந்தத் தப்பு வரும்னுச்சு. கணக்கு சரியாவே இருக்கட்டும், காசு குடுத்து வாங்கினவன்கிட்ட பேசற பேச்சா அது? டிசம்பர்ல ஐ.பி.எம். அந்த சிப்பு போட்ட கம்ப்யூட்டர அனுப்பறதயே நிறுத்துனதுக்கு அப்புறந்தான் கேக்கறவங்களுக்கெல்லாம் மாத்தித் தர்றோம்னு எறங்கி வந்தாங்க, 47.5 கோடி டாலர் போச்சு. விசயம் கடைசியா புரிஞ்ச ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்னு அவரே எழுதியிருக்காரு.

இப்ப நம்ம கதைக்கு வர்றேன், இத நான் உன்கிட்ட சொன்னதில்ல. 1997-ல ஒரு பம்பு கம்பெனிக்கு 600 ஷாஃப்ட் ஜாப் ஒர்க் எடுத்தோம். அதுக்கு முந்தின வாரம் ஒரு ஜாப் கெட்டுப்போச்சுன்னு ஹெல்பர் பையன் வந்து சொன்னான், எனக்கு கோவம் தலைக்கேறி கைல இருந்த மைக்ரோமீட்டர, அதான் நுணுக்கமா அளவு பார்க்கற கருவி, மேசைல ஓங்கி அடிச்சுட்டேன். அதுல அதோட ஜீரோ தள்ளிப்போச்சு, காட்டற அளவெல்லாம் தப்பாயிருச்சு. எனக்குத் தெரியாது. மறுநாள் தொடச்சு வைக்கறப்பவே அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதே மைக்ரோமீட்டர்ல அளந்து அளந்து 600 ஷாஃப்டயும் ஓட்டி அனுப்பறேன், அங்க மாட்டிப் பார்த்தா பேரிங் லொடலொடன்னு சுத்துது. லாட்டு மொத்தமும் ரிஜெக்ட். உன்ர ஸ்கூல் ஃபீஸ் கட்ட அம்மா வளையல அடகு வச்சது அந்த வருசந்தான்.

இப்ப அவன் சொந்தமா ரெண்டு மெஷின் போட்டிருக்கான். போன வருசம் பொண்ணு கல்யாணத்துக்கு பத்திரிக்க வைக்க வந்தவன் காப்பி குடிச்சுட்டே சாதாரணமா இதச் சொல்றான். டேய், அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடான்னேன். "ஒரு ஜாப் போச்சுன்னு வந்து சொன்னதுக்கே அத அந்த அடி அடிச்சீங்க, மைக்ரோமீட்டரே போச்சுன்னு எப்படிங்ணா சொல்றது"ன்னான்.

அதனால ஏன் சொல்லலன்னு உன்ர டீம் பசங்கள நிக்க வச்சு கேக்காத. போன தடவ ஒருத்தன் லேட்டாகும்னு வந்து சொன்னப்ப நீ என்ன சொன்ன, மூஞ்சி எப்படி வச்சிருந்தன்னு மட்டும் யோசிச்சுப் பாரு. அந்த மூஞ்சி எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.

குரோவ் பண்ணினதுல நீ அப்படியே எடுத்துக்கற மாதிரி ஒண்ணு இருக்கு. வேல செய்யறவனோட தனியா ஒக்காரு, ஒரு மணி நேரமாவது, ஆனா என்ன பேசறதுன்னு அவன் எழுதிட்டு வரணும், அது அவனோட மீட்டிங், உன்னோடது இல்ல. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி நடந்துக்கறதும் ஆகாதுங்கறாரு, அந்த வேலைல அவனுக்கு எவ்வளவு பழக்கமோ அதப் பொறுத்துத்தானாம். புதுப் பையனுக்கு என்ன, எப்ப, எப்படின்னு கையப் புடிச்சு சொல்லணும், தேறினவன விட்டு அக்கட்ட நின்னு பார்த்தா போதும். தேறினவனயே புது வேலைல போட்டா அவனும் புதுப் பையன்தான். நம்ம பட்டறைல 20 வருசம் லேத் ஓட்டின மேஸ்திரிய கம்ப்யூட்டர்ல ஓடற சி.என்.சி. மெஷின் முன்னாடி நிறுத்துனப்ப அவரு கை நடுங்குச்சு, நான் அவரயும் திட்டினேன்.

மைக்ரோசாஃப்ட் சத்யா நாதெல்லா விசயமும் ஒண்ணு. சி.இ.ஓ. ஆன 2014-லயே பொம்பளைங்க மாநாட்டு மேடைல, சம்பளம் ஏத்திக் கேக்க வேண்டாம், தானா வரும்னு நம்புங்கங்கற மாதிரி பேசிட்டாரு. கேள்வி கேட்டுட்டு இருந்த மரியா கிளாவே அவரோட போர்டு மெம்பர்தான், அந்த அம்மா அங்கயே நான் ஒத்துக்க மாட்டேன்னுட்டாங்க. இவரு அன்னிக்கே, நான் சொன்னது முழுத் தப்புன்னு கம்பெனில எல்லாத்துக்கும் எழுதிட்டாரு. ஒரே நாள்! எனக்கு 27 வருசம் ஆச்சு.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி ரெண்டும் பார்சல்ல வருது.

இத அனுப்பறதுக்கு முன்னாடி உன்ர அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். எல்லாம் சரி, ஆனா அன்னிக்கு அடிச்சு ஒடச்சது ஒரு மைக்ரோமீட்டர் இல்ல, ரெண்டு, இன்னொண்ண நான்தான் குப்பைல போட்டேங்கறா. சரி, ரெண்டு.

அப்பா