கடைசி முத்திரை 1987

ஆர்.கே. புரம், தில்லி
நவம்பர் 16

அன்புள்ள கோபாலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் இருமல். இங்கே ஊரே புகைமூட்டம். காலை நடைக்கு டாக்டர் தடை போட்டுவிட்டார். உனக்கு இடது மூட்டு, எனக்கு வலது மூட்டு. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் நடக்கலாம்.

ரிட்டையராகி இத்தனை வருஷமாகியும் லைப்ரரிப் பைத்தியம் தெளியவில்லையா என்று கேட்டிருந்தாய். தெளிந்துகொண்டுதான் இருந்தது. மாடிவீட்டுப் பெண் கெடுத்துவிட்டாள்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இங்கே பிஎச்.டி. செய்கிறாள். 1930களில் அச்சான ஒரு சின்னப் பயண நூல் அவளுக்கு வேண்டும். தமிழ் மின்னூலகத்தில் தேடியிருக்கிறாள், இல்லை. நூலகங்களின் கூட்டு அட்டவணையிலும் இல்லை. 'தாத்தா, நீங்கதான் லைப்ரரியன் ஆச்சே' என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

ஆசிரியர் பெயரில் ஒரு 'ழ' இருந்தது. பாதித் தொல்லை அதில்தான். அந்த அட்டவணையில் தமிழ்ப் புத்தகத்தை ஆங்கில எழுத்தில் பதிகிறார்கள் இல்லையா, ஒருவர் ழகரத்துக்கு இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார், முறைப்படி படித்தவர் எல்லுக்குக் கீழே கோடு போடுவார். அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டர் கேள்விக்குறியாக்கிவிடும். ஏழெட்டு விதமாக அடித்துப் பார்த்தோம். கடைசியில் ஆசிரியர் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைப் போட்டேன், கிடைத்துவிட்டது! பதிந்த புண்ணியவான் பெயருக்கு முன்னால் இருந்த ஊரைக் குடும்பப் பெயராக்கி, மனிதரின் சொந்தப் பெயரை இனிஷியலாக்கியிருந்தார். தமிழ் எழுத்திலேயே ஒரு வரி பதிந்திருந்தால் முதல் தட்டலிலேயே வந்திருக்கும். யூனிகோடு வந்து எத்தனை காலமாகிறது!

புத்தகம் வேறெங்கோ இல்லை, வட தில்லியில் ஒரு கல்லூரி நூலகத்தில். போன் போட்டேன். 'இங்கே வந்து படிக்கட்டும் சார், வெளியே தர மாட்டோம்' என்றார்கள். ஐ.எல்.எல்., அதாவது நூலகத்துக்கு நூலகம் இரவல், கேட்டால், அவளுடைய நூலகம் எழுத வேண்டுமாம். அங்கே போனால் ஒரு படிவம், கைடு கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து. மூன்று வாரம் ஓடியது. சரி என்று ஒருநாள் அவளோடு மெட்ரோவில் நானே கிளம்பிப் போனேன்.

கையளவுப் புத்தகம். முதுகுத் துணி பிய்ந்து தையல் நூல் தெரிகிறது. பழக்கதோஷம், நான் முதலில் திருப்பியது பின்னட்டையைத்தான். இரவல் கொடுக்கும்போது தேதி குத்தும் சீட்டில் மொத்தம் நான்கு முத்திரை. கடைசி முத்திரை 1987. அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை, ஆனாலும் வெளியே தர மாட்டார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாள். அதற்கும் அந்த உதவியாளர் 'சீக்கிரம், சீக்கிரம்' என்றபடி இருந்தார்.

அந்த ஆள்மேல் கோபம் வரவில்லை, கோபாலா. நானும் அதே ஆள்தானே? தில்லி நூலகங்களை ஒன்றோடொன்று இணைக்க டெல்நெட் என்ற வலையமைப்பு தொடங்கியது 1988இல், இந்தியா இன்டர்நேஷனல் சென்டர் நூலகத்தில். ஆரம்பத்தில் எங்களுக்கெல்லாம் ஒரே உற்சாகம். எங்கள் பியூன் டி.டி.சி. பஸ்ஸில் போய்ப் புத்தகம் வாங்கி வருவார், கொடுத்துவிட்டும் வருவார். ஒருமுறை நாங்கள் அனுப்பிய புத்தகம் ஒன்று திரும்பவே இல்லை. வாங்கியவர்கள் 'அனுப்பிவிட்டோம்' என்றார்கள். ஸ்டாக் எடுத்தபோது என் தலை உருண்டது, பாதி விலையை நான் கட்டினேன். அப்புறம் யார் கேட்டாலும் 'ரெஃபரன்ஸ் காப்பி, வெளியே போகாது' என்று சொல்லப் பழகிவிட்டேன். பொய்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, 215ஆம் விதியை இப்போது நிதானமாகப் படித்தேன். வருஷத்தில் வாசகர் கைக்குப் போன ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைந்தால் அது நியாயமான இழப்பு, நேர்மைக்கேடோ அலட்சியமோ இல்லாதவரை. கணக்கு அலமாரியில் இருக்கும் ஆயிரத்துக்கு அல்ல, கொடுத்த ஆயிரத்துக்கு! நிறையக் கொடுத்தவனுக்கு மன்னிப்பும் நிறைய, பூட்டி வைத்தவனுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதே விதியில், ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் போனால் கட்டாயம் விசாரணை என்றும் இருக்கிறது. நம் ஆட்கள் மனதில் நிற்பது அந்த வரி மட்டும்தான்.

அதனால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. புது சாஃப்ட்வேர் அப்புறம் வரட்டும். இரவல் தரும் நூலகங்களெல்லாம் வருஷத்துக்கு ஒரு சிறு தொகை போட்டு ஒரு பொது நிதி வைக்கட்டும். வழியில் தொலைந்தால் அதிலிருந்து கட்டு, கொடுத்தவன் சட்டையைப் பிடிக்காதே. பயம் போனால் பாதிப் படிவம் தானாகப் போய்விடும். உடையும் நிலையில் உள்ளதை அனுப்ப வேண்டாம், ஸ்கேன் பண்ணிக் கொடுக்கலாம். ஆசிரியர் இறந்த மறு வருஷத்திலிருந்து அறுபது ஆண்டு கழிந்திருந்தால் காப்புரிமைத் தொல்லையும் இல்லை.

ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்துவிட்டதே என்பாய். மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி, சுமார் 13,000 ஆய்விதழ்கள். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு வரம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தையல் பிரிந்த இந்தப் பயணப் புத்தகம் அதில் வராது. உன் பழைய கிளை நூலகமும் அதில் வராது.

உன் மன்னார்குடியில்தானே 1931இல் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி, நூலகமே கிராமத்தைத் தேடிப் போனது? இங்கே மெட்ரோ ஓடும் ஊரில் ஒரு புத்தகம் வடக்கிலிருந்து தெற்குக்கு வர மாட்டேன் என்கிறது.

ஒரு வேலை தருகிறேன். அந்தப் பயண நூலுக்கு இரண்டாம் பாகம் உண்டாம். பெயரைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். உன் கிளை நூலகத்தின் பழைய வரவுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இப்போதுள்ள நூலகரிடம் கேட்டுப் பார். கம்ப்யூட்டரில் தேடச் சொல்லாதே, பதிவேட்டைப் புரட்டச் சொல்.

கடைசியாக ஒன்று. கோர்ஸ் முடித்த வருஷம் என்னிடம் வாங்கிப் போன, நம் நூலகவியல் மேதை ரங்கநாதன் எழுதிய புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது. என் தேதிச் சீட்டில் முத்திரை இல்லாவிட்டாலும் ஞாபகம் இருக்கிறது. தபால் துறை இப்போது புத்தகம் அனுப்ப ஞான் போஸ்ட் என்று ஒன்று வைத்திருக்கிறது. 300 கிராம் வரை இருபது ரூபாய், ஐந்து கிலோ வரை நூறு ரூபாய், வரி தனி. அதற்கு மேல் நீ சாக்கு சொல்ல முடியாது. மரகதத்துக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
சந்தானம்