கிம்புலா பணிஸ்

மகள்,

ஞாயிறும் கோல் எடுத்தேன், புதனும் எடுத்தேன், நீ தூக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலச் சரி விழுகிறபடியால் போனைப் பார்க்கிறாய் என்று தெரியும். மருமகனிடம் கேட்டால் "அவ படுத்திருக்கிறா மாமி" என்கிறார், அதுவும் உங்கள் நேரம் பகல் 11 மணிக்கு. சரி, அந்த விஷயத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. பெரியம்மாவுக்கும் உனக்கு வேலை கூட என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அதை மட்டும் சொல்லு.

இங்கே வெள்ளவத்தையில் பின்னேரமானால் மழை. லிஃப்ட் திரும்பவும் பழுது, நாலு மாடியும் ஏறித்தான் வருகிறேன். சனிக்கிழமை மழை விட்டிருந்தது, 100 ஆம் நம்பர் பஸ் பிடித்துத் தனியாகக் காலிமுகத்திடலுக்குப் போனேன். அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அங்கே இருக்கிற கல்வெட்டை ஒவ்வொரு தடவையும் வாசிப்பாரே. ஹென்றி வார்ட் என்ற கவர்னர் 1856 இல் தொடங்கி 1859 இல் முடிந்த நடைபாதை, கொழும்புப் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பின்னால் வருகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அவர் வாசித்து முடிக்கிறதுக்குள் நீ இறால் வடைக்குக் கத்தத் தொடங்கிவிடுவாய். நானும் ஒன்று வாங்கி நின்றபடியே தின்றேன், இந்த வயிற்றுப்புண்ணோடு. ஒரு பொடியனின் பட்டம் வந்து என் தலையில் விழுந்தது, அவன் பயந்துபோய் நின்ற கோலத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸிலும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன், பக்கத்தில் இருந்த மனுசி ஒரு மாதிரிப் பார்த்தா.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கறண்டை வெட்டினார்களே, அப்போது நீதான் ஒவ்வொரு நாளும் எடுத்து, "அம்மா, மொட்டை மாடியில் போய்க் காற்றில் இருங்கோ, இஞ்சி போட்டு பிளேன்டீ குடியுங்கோ" என்பாய். எனக்கு எரிச்சல்தான் வரும், பிளேன்டீ குடித்தால் காஸ் கியூ குறையுமா என்று. ஆனாலும் போய் இருந்தேன், குடித்தேன். அந்தப் புத்தி எல்லாம் இப்போது எங்கே? அவ்வளவு கெட்டிக்காரி, ரொறன்ரோவில் ஆறு பேருக்கு மேலதிகாரி என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன், நீ என்னடா என்றால் பெற்ற தாய்க்கு ஒரு வரி எழுத மாட்டாய். கோபத்தில் எழுதவில்லை. சுடச் சுட ஏதாவது சாப்பிடு, வெறும் ரசமென்றாலும் சரி.

எழுத வந்தது இதில்லை.

அப்பாவின் எட்டாம் நாள் சடங்கு முடிந்து இரண்டாம் நாள், பாண் விற்கிற ஓட்டோவின் சத்தம் கேட்டதும் நீ கீழே ஓடிப் போய், முதலை மாதிரி நீட்டாகச் சீனி தூவி இருக்குமே, அந்தக் கிம்புலா பணிஸ் வாங்கி, படியில் இருந்து சீனியை நக்கிக்கொண்டிருந்தாய். நான் அதைப் பறித்து வீசினேன். "அப்பா போய்ப் பத்து நாள் ஆகவில்லை, உனக்கு வாய் கேட்குதா" என்று கேட்டேன். அடித்தேனா என்று ஞாபகம் இல்லை, அடித்திருப்பேன். ரேடியோவையும் ஆண்டுத் திவசம் வரைக்கும் துணி போட்டு மூடி வைத்தேன். நீ அதற்குப் பிறகு வீட்டில் எதற்கும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. அதைப் பார்த்து, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சனத்துக்குச் சொன்னவளும் நான்தான்.

உனக்குத் தெரியாத ஒன்று. அடுத்த கிழமை, செத்த வீட்டுத் துடக்குக் கழியவும் முதல், நீ பள்ளிக்கூடம் போன நேரம் நானே கீழே போய் ஒன்று வாங்கினேன். குளியலறைக் கதவைப் பூட்டி, குழாயைத் திறந்துவிட்டுத் தின்றேன். அழுதுகொண்டுதான் தின்றேன், ஆனால் ருசியாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

படுக்க வேண்டும் போல இருந்தால் படு. பாட்டுக் கேட்க வேண்டும் போல இருந்தால் கேள், என்னடா இந்த நேரத்தில் என்று மருமகனோ வேறு யாரோ நினைப்பார்கள் என்று பார்க்காதே. பக்கத்துத் தமிழ்க் கடையில் பணிஸ் இருக்கும்தானே. நேரத்துக்குச் சாப்பிடு.

பார்சலில் மிளகாய்த்தூள் ஒரு கிலோ வைத்திருக்கிறேன். மருமகனுக்கு உறைப்புக் கூடாது, அளவாகப் போடு.

அம்மா