கேள்விக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வளரும் நாடுகளின் கல்வி பற்றி வெளியான சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால், “ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு கருவி போய்ச் சேர்ந்துவிட்டால் ஆசிரியர் பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமிருக்காது” என்ற வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கட்டுரையாளர் வயதில் சிறியவராக இருக்கலாம். இத்தனை காலமாகக் கல்விச் செய்திகளை வெளியிட்டு வரும் தாங்கள் இதை எப்படி அப்படியே விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

இந்த வாக்குறுதி புதிதல்ல என்பது தாங்கள் அறியாததல்ல. வானொலி வந்தபோது சொன்னார்கள், தொலைக்காட்சி வந்தபோது சொன்னார்கள், செயற்கைக்கோள் வந்தபோதும் சொன்னார்கள். 2005இல் ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தை அறிவித்தபோது உலகமே கைதட்டியது. அதை மிகப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்திய நாடுகளில் ஒன்று தென் அமெரிக்காவில் உள்ள பெரு. அங்கே கிராமப்புறத்தில் 319 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்த அறிக்கையை 2012இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் வளர்ச்சி வங்கி வெளியிட்டது. பள்ளிகளில் கணினி நிறைந்திருந்தது. ஆனால், மாணவர்களின் கணக்கு மதிப்பெண்ணிலோ மொழிப் பாட மதிப்பெண்ணிலோ முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. கருவி வந்து சேர்ந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆசிரியருக்குச் சொல்லித்தந்தது போதவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையமும் கிடையாது. பெருவில் நடந்ததைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே, ஐயா!

அடுத்து, அந்தக் கட்டுரையில் கட்டம் கட்டிப் போட்டிருந்த ‘பயன்பெற்றோர்’ எண்ணிக்கை. அது வெறுமனே பெயர் பதிந்தவர்களின் எண்ணிக்கை. பதிந்தவரெல்லாம் பயன்பெற்றவரா? 2012ஆம் ஆண்டை இணையவழிப் பெருந்திரள் படிப்புகளின் (யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ‘மூக்’ படிப்புகளின்) ஆண்டு என்று பத்திரிகைகள் கொண்டாடின. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்ஐடியும் நடத்திய அந்தப் படிப்புகளின் கணக்கை 2019இல் ‘சயன்ஸ்’ என்ற அறிவியல் இதழ் வெளியிட்டது. பெயர் பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வகுப்புக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2017–18இல் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம்தான். சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் வளமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தொடங்கியது, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு இன்னொரு சான்றிதழாக முடிந்தது.

இவ்வளவு சொல்வதால் என்னைத் தொழில்நுட்பத்தின் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அஞ்சல்வழிக் கல்வி இல்லையென்றால் நான் பட்டதாரி ஆகியிருக்கவே முடியாது. படிப்பு பாதியில் நின்று, திருமணமாகி, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு புத்தகத்தைத் திறந்தவள் நான். வரும் பாடப் புத்தகங்களில் பக்கங்கள் மாறிக் கிடக்கும். சில பாடங்கள் தேர்வு நெருங்கும்போதுதான் கைக்கு வரும். படிப்பை விட்டுவிடலாம் என்று இருந்த சமயத்தில், நான் எழுதி அனுப்பிய ஒப்படைப்பு (அசைன்மென்ட்) திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், “இந்த இடத்தில் ஏன் இரண்டால் வகுத்தீர்கள்? உங்கள் காரணத்தை எழுதி அனுப்புங்கள்” என்று எழுதியிருந்தது. முகம் தெரியாத ஒருவர் என் தாளை உட்கார்ந்து படித்திருக்கிறார்! பதில் எழுதினேன், அவரும் எழுதினார். நான் பட்டம் வாங்கியது அந்தச் சிவப்பு மையால்தான். பிறகு நானே ஒரு கற்றல் மையத்தில் ஒப்படைப்பு திருத்தும் வேலையில் சேர்ந்தேன். அதனால்தான், ஆசிரியரே தேவைப்படாது என்று படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்கிறேன். நேர்காணலில் முதல் கேள்வியே, “ரெகுலரா, கரஸ்ஸா?” என்பதுதான். கரஸ், அதாவது அஞ்சல்வழி, என்றதும் சான்றிதழை மடித்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழிலேயே ஒரு பெரிய மனிதர், “தபாலில் படித்தவர்களை நாங்கள் எடுப்பதில்லை” என்று பெருமையாகப் பேட்டி கொடுத்தார். மறுத்து நீளமாக எழுதினேன். இதழின் வடிவமைப்பைப் பாராட்டிய முதல் இரண்டு வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள். தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946இலிருந்தே அஞ்சல்வழியில் கற்பித்து வருகிறது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே அங்கு படித்து, 1989இல் சட்டப் பட்டம் பெற்றார். அவரை யாராவது ரெகுலரா என்று கேட்பார்களா? பாகிஸ்தானில் 1974, தாய்லாந்தில் 1978, இலங்கையில் 1980, இந்தோனேசியாவில் 1984, இந்தியாவில் 1982, வங்கதேசத்தில் 1992 என்று நாட்டுக்கு நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வந்தது, கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்காகத்தான். அவர்களை இளக்காரமாகப் பேச இடம் கொடுத்த அதே பக்கத்தில் இன்று ‘தொலைநிலைக் கல்விப் புரட்சி’ என்று தலைப்புப் போடுகிறீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வலிக்கிறது.

கருவி எப்போது பலன் தந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கொலம்பியாவின் சுதாதென்சா என்ற மலைக் கிராமத்தில் 1947இல் ஒரு பாதிரியார் உழவர்களுக்காக வானொலிப் பள்ளி தொடங்கினார். வானொலிப் பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிறு புத்தகம், ஒலிபரப்பின்போது பக்கத்தில் இருந்து உதவ அதே ஊரைச் சேர்ந்த ஒருவர் என எல்லாம் இருந்தன. நேயர்கள் லட்சக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். மெக்சிகோவில் 1968இல் தொடங்கிய தொலைக்காட்சி வழி நடுநிலைப் பள்ளிகள் இன்றும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றன. அங்கே தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் நிற்கிறார்.

பெருந்தொற்றுக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தொலைவழிக் கற்றல் எந்த வகையிலும் எட்டாத குழந்தைகள் குறைந்தது 46.3 கோடி பேர் என்று 2020 ஆகஸ்டில் யுனிசெப் சொன்னது. எட்டியதாகக் கணக்கில் வந்தவர்களின் நிலையாவது தெரியுமா? எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தியின் வீட்டில் ஒரே ஒரு கைபேசி. அதை அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அவர் திரும்பிய பிறகு நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவாள். மங்கலான வெளிச்சம், கணக்கின் மேல் அவள் விரல் நிழல் விழுந்திருக்கும். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, எந்தப் படியில் தவறியிருக்கிறாள் என்று குரல் பதிவில் சொல்லி அனுப்புவேன். காணொளிப் பாடங்கள் அவளுக்கும் வந்தன. திறந்தால் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும் என்று அவள் திறப்பதே இல்லை.

அதே 2020இல் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் ஒரு சோதனை நடந்தது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பினார்கள். ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டும் கூடவே போன் செய்து, அந்தக் கணக்கைப் பற்றிக் கால் மணி நேரம் போலப் பேசினார்கள். பேசிய வீடுகளில் குழந்தைகள் தேறினார்கள். செய்தியோடு நின்ற வீடுகளில் அந்த அளவு பலன் தெரியவில்லை. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, சாதாரண பட்டன் போன் போதும். எதிர்முனையில் ஒரு மனிதர்தான் வேண்டும். அந்த மனிதருக்குச் சம்பளம் கொடுப்பதைத்தான் அரசுகளும் நன்கொடையாளர்களும் செலவு என்கிறார்கள். கருவி வாங்குவது மட்டும் முதலீடாம்! திறப்பு விழாவில் கருவியைப் படம் எடுத்துப் போடலாம். இரவில் உட்கார்ந்து ஒப்படைப்பு திருத்துகிறவரை யார் படம் எடுப்பார்கள்?

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். இனி இத்தகைய திட்டங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே முடித்தவர்களின் எண்ணிக்கையையும் போடுங்கள். திட்டக்காரர்கள் அதைத் தரவில்லையென்றால், தரவில்லை என்றே போடுங்கள். குழந்தைக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் யார், எத்தனை நாளில் பதில் சொல்வார்கள் என்று தங்கள் நிருபரை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

இடம் போதாமல் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என் சொந்தக் கதையைத் தாராளமாக எடுத்துவிடுங்கள். மேலே உள்ள பத்தியை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி