ஒன்றும் நடத்தாத ஆண்டின் அறிக்கை: குடியிருப்போர் நலச் சங்கம், 2020–21

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஜூமில் முகம் தெரிபவர்களே, பெயர் மட்டும் தெரிபவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் பொங்கல் கோலப்போட்டி, பிள்ளைகளின் ஓட்டப்பந்தயம், கண் பரிசோதனை முகாம், ஒருநாள் சுற்றுலா என்று நான்கு பத்தி ஓடிவிடும். இந்த முறை நான்கும் இல்லை. நமது நிதியாண்டின் முதல் நாளான 2020 ஏப்ரல் 1, ஊரடங்கின் எட்டாம் நாள். செயற்குழு ஆறு முறை கூடியது, ஆறும் கைப்பேசியில். அதில் ஒரு கூட்டம் "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்பதோடே முடிந்தது. எதை நடத்தினோம் என்று எழுத வழியில்லாததால், வீட்டுக்குள் கிடந்தபோது எதைத் தெரிந்துகொண்டோம் என்று எழுதியிருக்கிறேன். தலைவர் சம்மதித்தார். பொருளாளர் "எதுக்கு சார் இதெல்லாம்" என்றார். அவருடைய ஆட்சேபம் மினிட்ஸில் ஏறிவிட்டது.

பணம் சம்பந்தப்பட்டது என்பதால் சம்ப் விஷயம் முதலில். தொட்டி கழுவும் ஆட்கள் வர முடியாத நிலையில், மே மாதம் நம் பையன்கள் மூன்று பேர் மூடியை அரை நாள் திறந்து போட்டுவிட்டு, மேலே இரண்டு பேரைக் காவல் வைத்து, இறங்கிக் கழுவினார்கள். அதில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். சும்மா இருக்காமல், பி பிளாக்கில் துணி தைக்கும் அக்காவிடம் டேப் வாங்கி உள்ளே அளந்தான். 12 அடி நீளம், 10 அடி அகலம், 5 அடி ஆழம். 600 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் ஏறத்தாழ 17,000 லிட்டர். கட்டடத்தை ஒப்படைத்தபோது கொடுத்த காகிதத்தில் 24,000 என்று இருக்கிறது. பதினோரு வருடமாக நாமும் அதைத்தான் நம்பினோம்.

2019 கோடையில் ஏரிகள் வற்றிச் சென்னையே குடத்தோடு நின்றபோது, சம்ப் காலியானதும் 12,000 லிட்டர் லாரி இரண்டு சொல்வோம். இரண்டாவது லாரி கொஞ்ச நேரத்திலேயே குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும். வேகமாக இறக்கிவிட்டார் என்று நாம் பாராட்டினோம். அவர் 5,000 லிட்டரை இறக்கிவிட்டு 7,000 லிட்டரோடு போயிருக்கிறார், முழுப்பணமும் வாங்கிக்கொண்டு. எத்தனை முறை என்று பொருளாளர் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார், வெளியே சொல்ல மறுக்கிறார். பையனின் பொதுத்தேர்வு தள்ளித் தள்ளிப் போய் ஜூன் 9-ஆம் தேதி ரத்தானது. அந்த வருடம் அவன் போட்ட உருப்படியான கணக்கு இதுதான் என்கிறார் அவன் அம்மா.

அடுத்தது கரண்ட் பில். எல்லாரும் வீட்டிலிருந்து வேலை, எல்லா அறையிலும் விசிறி, சில அறைகளில் ஏ.சி. அப்போதுதான் பலர் பில்லின் பின்னால் இருக்கும் கணக்கை முதன்முறையாகப் பார்த்தார்கள். யூனிட் கூடக் கூட மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும்தான் விலை ஏறும் என்பது பலருடைய நினைப்பு. அப்படியில்லை. 2020–21-இல் இருந்த விகிதப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால், முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30 சேர்த்து மொத்தம் 1,130 ரூபாய். 501 ஆகிவிட்டால் ஏணியே மாறிவிடும். இலவச 100 போக, 3.50, 4.60, 6.60 என்று கீழேயிருந்து எல்லாப் படிக்கும் புது விலை, நிலைக்கட்டணம் 50. மொத்தம் 1,786 ரூபாய் 60 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு! சி பிளாக் மாமா ஒருவர் இப்போது மாதக் கடைசியில் டார்ச் எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டியருகே நிற்கிறார். திருடன் என்று யாரும் சத்தம் போட வேண்டாம்.

ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்த கதை எல்லாருக்கும் நினைவிருக்கும். நாட்டின் மின்தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 31,000 மெகாவாட்டுக்கு மேல் குறைந்தது. அதைத் தாங்கிக்கொடுத்தவை பெரும்பாலும் நீர்மின் நிலையங்கள், சட்டென்று குறைக்கவும் கூட்டவும் அவற்றால் எளிதில் முடியும். நம் வளாகத்தில் ஓர் உறுப்பினர் ஆர்வ மிகுதியில் மெயினையே அணைத்துவிட்டார். மோட்டார் நின்றது, காலை ஆறு மணிக்குக் குழாயில் காற்று வந்தபோதுதான் தெரிந்தது.

என்னைக் கேட்டால் இந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, மொட்டை மாடியில் நடந்தது. ஏ பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, "நாளைக்கு மத்தியானம் நிழல் காணாமப் போகும், செம்பு எடுத்துட்டு வாங்க" என்று குழுவில் போட்டிருந்தார். ஒன்பது பேர் போனோம், முகக்கவசத்தோடு, ஆளுக்கு ஆறடி தள்ளி. தினமும் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலேதான் நிற்கிறது என்று ஐம்பத்தெட்டு வயது வரை நினைத்திருந்தேன். சென்னைக்கு அது வருடத்தில் இரண்டே நாள், ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொன்று. கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிக்கு ஒருநாளும் கிடையாது.

12 மணிக்குச் செம்பின் வடபுறமும் தென்புறமும் நிழல் இல்லை, மேற்கே மட்டும் ஒரு நகக்கீற்று. "அவ்வளவுதானா டீச்சர்?" என்றார் பொருளாளர். "பொறுங்க. நம்ம கடிகாரம் மிர்சாபூர் பக்கத்து நேரம், சூரியன் இங்க வர லேட்டாகும்" என்றார் டீச்சர். 12 மணி 7 நிமிடத்தில் அந்தக் கீற்றும் செம்புக்கு அடியில் போய்விட்டது. வெயிலில் பளபளத்துக்கொண்டு, தரையில் ஒட்டவைத்த படம் மாதிரி நின்றது செம்பு. நடுவில் நின்ற குழந்தை தன் காலைச் சுற்றித் தேடிவிட்டு அழ ஆரம்பித்தது. தரை சுட்டதற்கா, நிழல் போனதற்கா, தெரியவில்லை.

பின்பக்க வேப்பமரத்துக் குயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். "குயில் மாதிரி பாடுகிறாள்" என்று பெண்பிள்ளைகளைச் சொல்லிப் பழகிய நமக்கு, கூவுவது ஆண் என்பது அதிர்ச்சிதான். கறுப்பாக, சிவந்த கண்ணோடு இருப்பது அது. பெண் குயில் பழுப்பில் வெள்ளைப்புள்ளி போட்டது, கிக் கிக் என்று கத்தும், அவ்வளவுதான். அந்தப் பழுப்புப் பறவையை இத்தனை வருடமாக வேறு ஏதோ என்று நினைத்திருந்தோம். காக்கைக் கூட்டில் முட்டையிடுவதும் அதுதான். கூட்டை வெட்டிவிடலாம் என்று வந்த மனுவைச் செயற்குழு ஏகமனதாக நிராகரித்தது.

மின்ரயில் நின்றுபோன நாட்களில், நான்கு மணிக்கு முதல் வண்டிச் சத்தம் கேட்காமல் பலருக்குத் தூக்கம் கலைந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த நம் மூத்த உறுப்பினர், அந்தச் சமயத்தில் மாடியிலிருந்தே கீழே நிற்பவர்களுக்குக் கதை சொல்வார். கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்வண்டி 1931-லேயே ஓடியது, அதுவும் மீட்டர் கேஜில் என்று அவர் சொல்லித்தான் தெரியும். பம்பாய்க்கு அடுத்து நாம்தானா என்று ஒருவர் கேட்டதற்கு, "நாளைக்குச் சொல்றேன், மாத்திரை போடணும்" என்று உள்ளே போனார். ஜூலையில் அவர் காலமானார். ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டும்வரை அவரவர் பால்கனியில் நின்றோம். பொதுமக்களுக்கு வண்டி மறுபடி ஓடியது டிசம்பரில். அவர் குடும்பத்துக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கலை இங்கே பதிவு செய்கிறேன்.

தெரிந்துகொண்டதில் கால்வாசி பொய் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெனிஸ் கால்வாயில் டால்பின் வந்ததாக ஓடிய வீடியோ சார்டினியாத் தீவில் எடுத்தது. அதைக் குழுவில் போட்டது நான்தான். அந்தக் கூச்சத்தில், ஜலந்தரிலிருந்து இமயத்தின் தௌலதார் மலைத்தொடர் தெரிகிறது என்று வந்த படத்தை "ஃபேக்" என்று எழுதினேன். அது உண்மை. காற்று தெளிந்து, பல வருடங்களுக்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மாடியிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். படம் போட்ட உறுப்பினரிடம் இந்த அறிக்கை வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி செய்தியைப் பகிர்பவரே சரிபார்க்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியிருக்கிறது, முதல் கையெழுத்து என்னுடையது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பராமரிப்புத் தொகை பாக்கி வைத்திருக்கும் நான்கு வீட்டாரின் பெயரை வாசிக்க மாட்டார், ஆனால் அவர்களுக்குத் தெரியும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களுக்கு ஊரடங்கு மாதங்களின் சம்பளத்தைப் பெரும்பாலான வீடுகள் கொடுத்துவிட்டன. மீதி வீட்டாரும் இந்த மாதம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பில் 17,000 என்று பெயிண்டில் எழுதியாகிவிட்டது. லாரி இனி ஒன்றுதான், அதுவும் மூடியருகே ஆள் நின்றால்தான்.

இந்தக் கூட்டத்தை மாடியில் நடத்தலாம் என்றுதான் இருந்தோம். தொற்று மறுபடி ஏறுவதால் இன்று, ஏப்ரல் 18, திரும்பவும் ஜூம். வருகிற சனிக்கிழமை 24-ஆம் தேதி. மாடிச் சாவி காவலாளியிடம் இருக்கும், வீட்டுக்கு ஒருவராக 11.45-க்கு மேலே வரலாம். செம்பை அவரவர் கொண்டுவரவும், குழந்தைகளுக்குச் செருப்பு போட்டுக் கூட்டிவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்