நன்னீர் மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்களும் குளக்கட்டுச் சிரமதானமும் வாணி விழாவும் வழமைபோல் நிறைவேறின.

முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற வன்னிப் பெருங்குளங்களில் விடப்படுபவை பெரும்பாலும் கெண்டை, திலாப்பியாக் குஞ்சுகளே. கெளிற்றினத்தைச் சேர்ந்த நன்னீர் மீனான சுங்கானின் குஞ்சு வேண்டுமாயின் நாமே பொரிக்க வேண்டும் என்பதால், அதன் முட்டைப் பொரிப்பை உயர்த்துவதையே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டேன். முட்டையிடத் தூண்டும் ஓமோன் ஊசி ஏற்றிய மீன்கள் முட்டையிட்டும் பெரும்பகுதி வெளுத்துப் பூஞ்சணம் பிடித்தமைக்குத் தாய்மீனே காரணமெனக் கூட்டத்தில் பலமுறை கூறப்பட்டது. அக்கருத்தை நான் ஏற்கவில்லை. வளர்ந்த சுங்கான் நீர்மட்டத்துக்கு வந்து காற்றெடுத்துச் சேற்று நீரிலும் பிழைக்கும். அதன் முட்டைக்கு அந்த வசதி கிடையாது. குழாய்க்கிணற்று நீரிலோ கரைந்த ஒட்சிசன் குறைவு. ஆகவே நீரை முதல்நாளே தொட்டியில் இறைத்துக் காற்றூட்டி வைத்தோம். விந்தணு நீர் பட்டபின் நெடுநேரம் இயங்காதாகையால், முட்டையையும் விந்தையும் ஈரமற்ற சட்டியில் கோழியிறகால் கலந்த பின்னரே நீர் சேர்த்தோம். ஒட்டுந்தன்மையுள்ள அம்முட்டைகளை, சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுளம்பு வலையில் ஒன்றன்மேல் ஒன்று குவியாதவாறு பரப்பினோம். பொரித்த குஞ்சுகள் வலைக்கண்ணூடாகக் கீழே இறங்க, வெளுத்த முட்டைகளும் கோதுகளும் வலையிலேயே தங்கின. வலையைத் தூக்கியதும் தொட்டி சுத்தமாயிற்று. முன்னர் அந்த வெளுத்த முட்டைகளிலிருந்தே பூஞ்சணம் நல்லவற்றுக்கும் பரவியது. தொட்டி மூலைகளில் குஞ்சுகள் திரண்டு கிடந்ததை வந்து பார்த்தவர்கள் அறிவர்.

பொரிப்புக்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். அந்த இரவில் மின்சாரம் தடைப்பட்டுக் காற்றூட்டும் கருவி நின்றால் யாரேனும் நீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். இரவுக் காவலுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவில்லை. அதே சிலரே மீண்டும் மீண்டும் கண்விழித்தனர். மின்கலத்தில் இயங்கும் காற்றூட்டி வாங்குவதென நாம் ஏகமனதாக எடுத்த தீர்மானம், சந்தா நிலுவையால் கூட்டக்குறிப்பேட்டிலேயே நிற்கிறது. குஞ்சு பங்கிட்ட நாளில் மட்டும் வருகை நிறைவாக இருந்ததை வேதனையுடன் பதிவு செய்கிறேன்.

வரவும் செலவும் பெரும்பாலும் ஈடாகியுள்ளன; விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். ஆலோசனை வழங்கிய உத்தியோகத்தர்களுக்கும் கிணறு தந்துதவிய அங்கத்தவருக்கும் சங்கத்தின் நன்றி.

இப்பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வரின் ஏடுகளை இன்றே ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிடின், மாரி தொடங்குமுன் நிலுவைச் சந்தாவும் இரவுக் காவலுக்கான பெயர்களும் வந்து சேருமென்ற நம்பிக்கையில் தொடர்வேன்.

செயலாளர்